நூலகர் எப்போது படிப்பார்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், கோட்டக்குப்பம் தாண்டியதும் பெரிய முதலியார்சாவடி. ஆரோவில்லுக்குத் திரும்புகிற இடம் என்று சொன்னால் சென்னைக்காரர்களுக்கும் உடனே விளங்கிவிடும். இன்னும் வடக்கே போனால் மரக்காணம், உப்பளங்கள். ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் மட்டும் பலகைக்குப் பலகை ஒரு கட்சி. "பெரிய"வில் ஒய் போடுகிறவர்கள் உண்டு, போடாதவர்கள் உண்டு. "சாவடி"யை ஐ-யில் முடிப்பவர்கள் உண்டு, ஒய்-யில் முடிப்பவர்கள் உண்டு. சேர்த்து எழுதுவோர், பிரித்து எழுதுவோர் தனி. தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் அரை டஜன்!

வேடிக்கைதான். ஆனால் இணையத்தில் ஒரு விண்ணப்பம் போட உட்கார்ந்தால் வேடிக்கை போய்விடும். மாவட்டம் விழுப்புரம், வட்டம் வானூர் என்று தேர்ந்தெடுத்தபின் ஊர்ப் பட்டியல் ஆங்கிலத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நம் ஊர் எந்த எழுத்துக் கூட்டலில் ஒளிந்திருக்கிறது? கிடைக்கவில்லை என்றால் அவசரத்தில் பக்கத்து ஊரைத் தட்டிவிடத் தோன்றும். அப்புறம் சாதிச் சான்றிதழில் ஒரு ஊர், உதவித்தொகை விண்ணப்பத்தில் வேறு ஊர். இதை யாரிடம் கேட்பது? ப்ரௌசிங் சென்டரில் கேட்கலாம், காசு ஆகும். இ-சேவை மையத்தில் கேட்கலாம், வரிசை நிற்கும். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் கேட்கலாம், எரிந்து விழும்.

அரசாங்கம் சம்பளம் கொடுத்து, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்து, கேட்பதற்குப் பதில் சொல்வதையே வேலையாக வைத்திருக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். நூலகர். அதனால்தான் "நூலகர்களுக்குக் கணினித் திறன் பயிற்சி கொடுங்கள்" என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதிலும் "ஆன்லைனில் கொடுத்துவிடுங்கள், செலவே இல்லை" என்பது இப்போதைய பேச்சு. 2020 கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிட்டது.

செலவே இல்லை என்ற சொல்லைக் கேட்டால் பி.காம். படிக்கிற எவருக்கும் கை அரிக்கும். செலவு இல்லாதது என்று ஒன்று உண்டா என்ன? யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதுதான் விஷயம்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. சென்னையில் 1896-ல் திறந்த கன்னிமாரா, 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாம் படங்களில் வருபவை. எண்ணிக்கையில் பெரும்பகுதி கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதி நேர நூலகங்களும்தான். அங்கெல்லாம் ஒரே ஒரு ஆள் இருப்பது சகஜம். திறப்பவர் அவரே, கூட்டுபவரும் பல இடங்களில் அவரே. தினசரிகளைப் பிரித்துப் போட வேண்டும், நூல்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், உறுப்பினர் சேர்க்க வேண்டும், "தந்தி எங்கே சார் காணோம்" என்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு நூலகரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு ஒரு இணையவழி வகுப்பு அறிவிக்கப்படுகிறது. காலை 11 மணிக்கு. நூலகத்துக் கணினி பழையது, ஒலி வராது, ஆகவே சொந்தக் கைபேசியில், சொந்த டேட்டாவில் நுழைகிறார். வகுப்பில் நூறு பேர். "எல்லோரும் மியூட் பண்ணிக்குங்க" என்பதற்கே பத்து நிமிடம். ஆசிரியர் திரையைப் பகிர்கிறார்; ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது. அதற்குள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன் ஒருவன் வந்து ஒரு புத்தகம் கேட்கிறான். எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் ஆசிரியர் மூன்று படி தாண்டிப் போய்விட்டார். கடைசியில் பத்துக் கேள்வி, "பி" "சி" என்று தட்டினால் சான்றிதழ் பிடிஎஃப்-ஆக வந்து விழும்.

பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது. முதலியார்சாவடிக்காரரின் எழுத்துக் கூட்டல் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இந்த நூலகர் சோம்பேறி என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவருக்குக் கொடுக்கப்படாதது நேரம். வகுப்பு இலவசம், மென்பொருள் இலவசம், சான்றிதழ் இலவசம். அவருடைய ஒரு மணி நேரத்துக்கு மட்டும் விலை இருக்கிறது, அதை யாரும் கட்டவில்லை. கட்டாத செலவு எங்கேயும் போகாது. வாசகர் காத்திருப்பதாகவும், நூலகர் பாதி கேட்டதாகவும் அது வசூலாகிவிடும்.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று ஒரு பாடம் வரும். கணினி வாங்கினால் அது முதலினச் செலவு. இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் உட்கார்ந்துகொள்ளும். பெட்டி பிரிக்கப்படும், ரிப்பன் வெட்டப்படும், போட்டோ எடுக்கப்படும். பயிற்சிக்குக் கொடுத்த பணம் வருவாயினச் செலவு. அந்த வருடத்தோடு மறைந்துவிடும். ஆனால் நடைமுறையில் எது தேய்கிறது? பெட்டி ஐந்து வருடத்தில் தேய்மானமாகி மூலைக்குப் போகிறது. கற்றுக்கொண்ட நூலகர் வருடம் ஏற ஏறத் தேறிக்கொண்டே போகிறார். நம் கணக்கு முறை தேய்வதைச் சொத்து என்கிறது, வளர்வதைச் செலவு என்கிறது! (கணக்காளர்கள் கோபிக்க வேண்டாம். ஊழியர் நிறுவனத்துக்குச் சொந்தமில்லை, அதனால் சொத்தாகக் காட்ட முடியாது என்ற அவர்கள் பதில் சரியான பதில்தான்.)

இந்தப் பணத்தில் ஊர்க்காரரின் பங்கும் இருக்கிறது. 1948-ல் வந்த மெட்ராஸ் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்கப்படுகிறது, இப்போது ரூபாய்க்கு 10 காசு. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. உள்ளாட்சிகள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நிலுவை வைப்பது பழைய கதை. ஓட்டு வீட்டுக்காரரும் ரிசார்ட் முதலாளியும் சேர்ந்து கட்டிய 10 காசு அது. அதில் நூலகருக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள எத்தனை பைசா போகிறது என்று கேட்பதில் தப்பில்லை.

வெளிநாட்டில் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டார்கள். 1990-களின் கடைசியில் பிரிட்டன் தன் பொது நூலகங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் இணைக்க "மக்கள் வலைப்பின்னல்" என்று ஒரு திட்டம் போட்டது. லாட்டரிப் பணம். கருவிகளுக்கும் இணைப்புக்கும் 100 மில்லியன் பவுண்டு, நூலகப் பணியாளர் பயிற்சிக்கு 20 மில்லியன் பவுண்டு. சுமார் 40,000 பணியாளர்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 500 பவுண்டு. மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்கு மனிதர்களுக்கு! 2002 முடிவதற்குள் 4,000-க்கும் மேற்பட்ட நூலகங்களில் கணினி வந்துவிட்டது, பணியாளர்கள் சொந்த மின்னஞ்சல் தொடங்கி ஆவணம் தயாரிப்பது வரை படித்தார்கள். 2010-க்குப் பிறகு அதே நாட்டில் சிக்கனம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கிளைகளை மூடியதும், பயிற்சி பெற்ற ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதும் வேறு கதை. அந்த 500 பவுண்டு எந்தக் கணக்கில் தள்ளுபடி ஆனதோ!

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 2006-ல் வட கரோலினாவில் சார்லட் நகரத்துப் பொது நூலகத்தில் ஹெலன் ப்ளோவர்ஸ் என்பவர் தன் பணியாளர்களுக்காக "23 விஷயங்கள்" என்று ஒரு பட்டியல் போட்டார். ஒரு வலைப்பூ தொடங்கு, ஒரு புகைப்படத்தை இணையத்தில் ஏற்று, ஓடைகளைப் படிக்கக் கற்றுக்கொள், விக்கியில் ஒரு வரி சேர் என்று சின்னச் சின்ன வேலைகள். வகுப்பறை கிடையாது, ஆசிரியர் கிடையாது. ஒன்பது வாரத்தில் அவரவர் வேகத்தில், விளையாட்டு மாதிரி செய்து, செய்ததைத் தன் வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 பாட்டுக் கருவி பரிசு. அன்றைக்கு அது பெரிய ஆசை காட்டல்.

இந்த முறை ஆஸ்திரேலியா, நெதர்லாந்து என்று பரவியது. அதில் இருந்த சூட்சுமம் எளிமையானது. "இணையம் பற்றி அறிக" என்று எழுதாமல் "இதைச் செய்து பார்" என்று எழுதியிருந்தார்கள். தட்டினால் கெட்டுவிடுமோ என்ற பயம் போவதற்கு வேறு மருந்து கிடையாது. நம் ஊர்ப் பயிற்சிகளின் முதல் பாடம் இன்றைக்கும் "கணினியின் வரலாறு" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? நூலகருக்குச் சார்லஸ் பாபேஜ் பிறந்த வருடம் தெரியும், புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது!

சார்லட் வரைக்கும் போவானேன்? பெரிய முதலியார்சாவடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய இடத்தில் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. வில்லியனூர்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி உதவியுடன், புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் கிளை மையங்கள். தொலைபேசி இணைப்பு சரியில்லாத இடங்களில் வானொலி அலை மூலம் தகவல் அனுப்பினார்கள், கரண்ட் போனால் சூரிய மின்சாரம். இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், சாதி பாராமல் எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் நடந்தது. இவை பெயரளவில் நூலகங்கள் இல்லை. ஆனால் வந்து கேட்பவருக்குத் தேடிச் சொல்வது நூலகத்தின் வேலை என்றால், அவை செய்தது அதுதான்.

கணினி முன் உட்கார்ந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், பெண்களே அதிகம். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், அதற்கு முன் விசைப்பலகையைத் தொடாதவர்கள். ஆங்கிலப் பலகையில் தமிழ் அடிக்கப் பழகினார்கள். பாடத்திட்டம் எங்கிருந்து வந்தது? வாசலில் வந்து நின்ற கேள்வியிலிருந்து வந்தது. இன்றைக்கு மல்லாட்டை என்ன விலை, அரசாங்கம் என்ன திட்டம் கொடுக்கிறது, வறுமைக் கோட்டுப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா, கண் மருத்துவர் எப்போது வருவார்... இந்தப் பதில்களைத் திரட்டித் தமிழில் தட்டி வைத்துக்கொண்டார்கள். "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு செய்தி இதழும் கொண்டுவந்தார்கள். வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே முக்கியக் கேள்வி கடல் எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இந்தப் பக்கத்துக் கடலின் அலை உயர முன்னறிவிப்பு கிடைத்தது. அதை எடுத்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கட்டுமரம் தள்ளுகிறவர் கணினியைப் பார்க்க வேண்டியதே இல்லை, காது இருந்தால் போதும்.

2004 டிசம்பர் 26. சுனாமி. நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். முன்பு அந்த மையத்தில் தன்னார்வலராக இருந்தவர். செய்தி தெரிந்ததும் ஊருக்குப் போன் போட்டார். ஊரில் இருந்தவர்கள் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழும் ஊர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அதே காலையில் இந்த விழுப்புரக் கரையிலும் தண்ணீர் ஏறியது, இங்கே உயிர்கள் போயின.

இதைச் சொல்லும்போது "கணினி காப்பாற்றியது" என்று எழுதிவிடுவார்கள். அது சரியில்லை. அந்தக் காலையில் கணினி ஒன்றுமே செய்யவில்லை. செய்தது ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. ஆனால் அந்த ஒலிபெருக்கியில் வருகிற குரலை நம்பி வீட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியதே, அது வருடக் கணக்கில் தினமும் அலை உயரம் வாசித்ததால் வந்தது. சிங்கப்பூரில் இருந்தவருக்கு எங்கே சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்ததும் அங்கே வேலை பார்த்த அனுபவத்தால் வந்தது. இதை எந்தப் பத்துக் கேள்வித் தேர்வில் அளப்பது?

வில்லியனூரில் கற்றுக்கொண்டதை இதே நிறுவனம் பின்னால் நூலகர்களிடம் கொண்டுபோனது. பொது நூலகங்களில் புதுமை செய்யக்கூடிய இளம் நூலகர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் ஐநெலி என்ற உலகளாவிய வலையமைப்பு ஒன்று உண்டு, கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் நடந்தது. அதன் இந்தியப் பிரிவை 2010-களில் எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனம் நடத்தியது. பாடங்கள் இணையத்தில், நடுவில் நேரில் கூடுதல், ஒவ்வொருவரும் தன் நூலகத்தில் ஒரு வேலையைச் செய்துகாட்ட வேண்டும். அமைப்பு நல்ல அமைப்பு. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு. ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் ஊர்ப்புற நூலகர்வரை அப்படி ஒன்று எப்போது வரும்?

இன்னொரு சிக்கல், இது சுத்தமாக நம்முடையது. டெல்லியிலோ அமெரிக்காவிலோ தயாரான பாடத்தில் இது வராது. தமிழ் எழுத்து.

தமிழக அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் வானவில் எழுத்துரு புழங்கியது. தட்டச்சுப் படித்தவர்கள் பழைய தட்டச்சு முறையிலேயே அடித்தார்கள். 1999-ல் தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. 2010-ல் ஒருங்குறியை ஏற்றது. ஆனால் விரலுக்கு அரசாணை தெரியாதே! பழைய எழுத்துருவில் தட்டிய நூல் பட்டியல், ஒருங்குறி மட்டும் தெரிந்த தேடுபொறிக்கு வெறும் குப்பை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. இதை மாற்றிக் கொடுக்க இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் கிடைக்காமல் ஒருவர் ஆயிரம் தலைப்பை மறுபடி தட்டிக்கொண்டிருந்தால் அது எவ்வளவு பெரிய விரயம்!

எழுத்து சரியானாலும் பெயர் இருக்கிறது. புதுமைப்பித்தன் என்று ஒரு பதிவு, சொ. விருத்தாசலம் என்று ஒரு பதிவு. சுஜாதா என்றும் எஸ். ரங்கராஜன் என்றும் இரண்டு பேர். தி. ஜானகிராமன் என்பதில் புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் ஒரு ஆசிரியர், விடாவிட்டால் இன்னொரு ஆசிரியர் என்று நினைத்துக்கொள்ளும் கணினி. மத்திய அரசின் தகவலியல் மையம் கொடுக்கும் இ-கிரந்தாலயாவாகட்டும், நியூஸிலாந்தில் பிறந்து 2000-லிருந்து உலகம் முழுக்க ஓடும் கோஹாவாகட்டும், உள்ளே என்ன தட்டினோமோ அதைத்தான் திருப்பித் தரும். அலமாரியில் புத்தகம் இருக்கும், கணினி "இல்லை" என்று சொல்லும், வாசகர் திரும்பிப் போய்விடுவார். இருபது வருடம் அதே அலமாரி முன் நின்ற நூலகருக்கு இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று தெரியும். அவருக்குத் தெரிந்ததை இயந்திரத்துக்குத் தெரிய வைப்பதுதான் பயிற்சி. பெரிய முதலியார்சாவடியின் அரை டஜன் எழுத்துக் கூட்டலும் இதே சாதிப் பிரச்சினைதான்.

"நூலகர் புத்தகத்தைப் பார்த்தால் போதாதா, விண்ணப்பம் போடுவதெல்லாம் அவர் வேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நூலகத்தை இ-சேவை மையமாக்கிவிட்டால் புத்தகம் கேட்டு வருபவர் பின்வரிசைக்குப் போய்விடுவார். ஆனால் விண்ணப்பத்தை நூலகர் தட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கே தேட வேண்டும், எது உண்மையான அரசுத் தளம், எது அதே மாதிரி பெயர் வைத்துக் காசு பிடுங்கும் தளம் என்று காட்டினால் போதும். அகராதியில் எப்படிச் சொல் தேடுவது என்று காட்டிக் கொடுத்த அதே வேலைதான். 2017-ல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் வந்தது. பழைய நூல்களும் இதழ்களும் ஓலைச்சுவடிகளும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், இலவசம். பெரிய முதலியார்சாவடியில் எத்தனை பேருக்கு அது தெரியும்? சுற்றுலாக்காரருக்கு வழி சொல்லத் தெரிந்த ஊர், தனக்கு இருக்கிற வழியைத் தெரிந்துகொள்ள ஒருவர் காட்ட வேண்டியிருக்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு விசித்திரம். இந்த ஊருக்குக் கிட்டத்தில் இருக்கிற பெரிய நூலகம் புதுச்சேரியில் இருக்கும் ரோமன் ரோலன் நூலகம், 1827-ல் தொடங்கியது. ஆனால் அது வேறு அரசாங்கம். இந்த ஊர் கட்டும் நூலக வரி போவது விழுப்புரம் மாவட்டத்துக்கு, மாவட்ட மைய நூலகம் இருப்பது விழுப்புரத்தில். ஏழு கிலோமீட்டரில் ஒன்று, அதைப்போல் பல மடங்கு தூரத்தில் ஒன்று. அட்டவணைகள் இரண்டையும் இணையத்தில் ஒன்றாகத் தேட முடிந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றாவது தெரியும். அதற்கும் இரண்டு பக்கத்து நூலகர்களும் ஒரே மாதிரி பெயர் எழுதப் பழக வேண்டும்!

எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அவருக்கே நூலக வேலை தெரியாது, கணித ஆசிரியர். லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். சம்பளத்தோடு! திரும்பி வந்தவர் 1929-ல் சென்னையில் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1931-ல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் வைத்து ஊர் ஊராக ஓட்டினார்கள், தொடங்கி வைத்ததும் அவரே. ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நூலகரின் நேரத்தை யார் கொடுப்பது என்று ஆறாவதாக ஒன்று எழுதாமல் விட்டுவிட்டார். அவருக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை போலும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தவர் என்று சொல்வார்கள்.

எல்லோரும் ரங்கநாதன் ஆக முடியாது, ஆகத் தேவையும் இல்லை. கிராமப்புறத்தாருக்காக மத்திய அரசு 2017 முதல் 2024 வரை நடத்திய டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் பாடநேரம் 20 மணி. அதையே அளவாக வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு மணி என்றால் 20 வாரம், ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். கூட்டம் குறைவான ஒரு வேளையில், உதாரணமாகச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி நேரம், "நூலகர் படித்துக்கொண்டிருக்கிறார், பத்திரிகை பார்ப்போர் பார்க்கலாம், நூல் வழங்கல் 4 மணிக்கு" என்று ஒரு அட்டை தொங்கவிட்டால் எந்த வாசகரும் சண்டைக்கு வரமாட்டார். படிப்பதற்காகக் கட்டிய இடத்தில் படிப்பது குற்றமா என்ன! பக்கத்து நூலகர்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, அந்த வாரம் தங்களிடம் வந்த கேள்விகளையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு எழுத்துரு மாற்றத் தெரியும், ஒருவருக்கு உதவித்தொகைத் தளம் தெரியும். டேட்டாவுக்கு அலுவலகப் பணம். ஒலி வரும் கணினி ஒன்று. முடித்தால் பணிப் பதிவேட்டில் ஒரு வரி. எம்பி3 கருவி இந்தக் காலத்தில் யாருக்கும் வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரு ஹெட்போன் கொடுக்கலாம்.

இதில் பெரிய தொகை எதுவும் கிடையாது. வேண்டியது ஒரு சுற்றறிக்கை. அந்த ஒரு மணி நேரம் பணி நேரமாகவே கொள்ளப்படும் என்று அதில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுக்கு வருகிற முதல் அதிகாரி அட்டையைப் பார்த்துவிட்டு, "நூல் வழங்கல் ஏன் நிற்கிறது?" என்று விளக்கம் கேட்பார்.